புள்ளிக்கு வலப்பக்கம்

படிவத்தில் ஒரு கட்டம்.
அதன் தலையில் அச்சடித்திருந்தது: அம்பியர்.
வேறு அலகுக்கு இடம் விடவில்லை.
நான் எழுதினேன்: 0.045

எழுதுவினைஞர் ஹஸ்னா
பேனை மூடியைக் கடித்தபடி பார்த்தாள்.
"பூச்சியத்தில தொடங்குது சேர்.
இந்தச் சின்ன இலக்கமா ஒரு ஆளைக் கொண்டது?"

வெளியே கச்சான் காற்று.
ஜன்னல் கொக்கி சுவரில் அடித்துக்கொண்டே இருந்தது.
திடீர் மரண விசாரணை அதிகாரியின் தலைக்கு மேலே
ஒன்பது வாற்று பல்பு ஒன்று.
அதைக் காட்டினேன்:
இது எடுப்பதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.
எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.
மெல்றோயின் மனைவி யூடித் மட்டும்
மேசையில் கிடந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள்.

புள்ளியை மூன்று தானம் வலப்பக்கம் தள்ளினால்
நாற்பத்தைந்து மில்லி அம்பியர்.
இன்னும் மூன்று தள்ளினால்
நாற்பத்தையாயிரம் மைக்றோ.
இலக்கம் வீங்கும், மின்னோட்டம் அப்படியே இருக்கும்.
ஆனால் காதுக்கு அது தெரியாது.
பூச்சியம் தசம் பூச்சியம் நான்கு ஐந்து என்றேன்,
மூலையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.
நாற்பத்தையாயிரம் என்றேன்,
பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

பக்கத்து அறையில் கேத்தல் கொதிக்கிற சத்தம்.
ஒன்பது அம்பியர் குடித்து
ஆறு பேருக்குத் தேத்தண்ணி தருகிறது அது.
அதன் வழியில் யாருடைய நெஞ்சும் இல்லை.

கொட்பேயில் ஐஸ் அரைக்கும் பொறி.
உப்புத் தண்ணீர் ஊறிய தரை.
பாரைமீன் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு
வலக்கையைப் பொறியில் ஊன்றியிருக்கிறான்,
செருப்புக் கழன்ற இடக்கால் தண்ணீரில்.
மிச்சத்தை நான் விளக்கவில்லை.
யூடித் இருந்தாள்.

ட்ரிப் சுவிட்ச் எங்கே என்று கேட்டார்கள்.
முகாமையாளர் தவபுத்திரன் எழுந்தார்.
"நாளுக்கு நாலு தரம் விழுந்தது ஐயா.
விழுந்தால் ஐஸ் உருகுது, மீன் கெடுது.
சுவிட்சுதான் பழுது எண்டு கழட்டினம்.
எங்கட யோசினை இல்ல. பரிசோதிச்ச தாள் இருக்கு."

பொலித்தீன் உறைக்குள் இருந்து வந்தது தாள்.
பெப்ரவரி பதினொன்று.
கசிவு மின்: 28 மைக்றோ அம்பியர்.
பாதுகாப்பானது.

முப்பது மில்லிக்குக் கிட்ட வந்தால் விழுகிற சுவிட்ச்
இருபத்தெட்டு மைக்றோவுக்கு விழுமா?
விழாது.
அப்படியென்றால் பழுது சுவிட்சில்.
அப்படியென்றால் கழற்று.
தவபுத்திரனின் கணக்கில் ஓட்டை இல்லை.
யாரும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்.

சுவிட்ச் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.
கசிந்தது இருபத்தெட்டு மில்லி.
பிறகு நாலு மாதத்து உப்பு
அதை நாற்பத்தைந்தாக்கியது.

அதற்கு முதல் நாள் முழுக்க
பெரியாஸ்பத்திரியில் இதயம் பார்க்கும் பொறிகளை அளந்தவனுக்கு
எல்லாமே மைக்றோ.
பதினாறு பொறி, பதினாறு வரி,
ஒவ்வொரு வரியின் முடிவிலும் அதே சொல்.
மறுநாள் கொட்பேயில்
குமிழ் மில்லியில் நின்றது.
கண் இலக்கத்தை வாசித்தது,
கை பழைய சொல்லை எழுதியது.

ஆயிரம் மடங்கு.
இறங்குதுறையில் இருந்து ஒரு எட்டில் நிற்கிற வள்ளத்தை
அடிவானத்தில் நிற்கிறது என்று எழுதினால்
யாராவது சிரித்துத் திருத்தியிருப்பார்கள்.
மின்னோட்டத்தை எட்டிப் பார்க்க
ஒருவருக்கும் கண் இல்லை.

ஹஸ்னா தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
"கையெழுத்து விளங்கேல்ல."
தவபுத்திரன் என்னைப் பார்க்காமல்
தன் மோதிரத்தைச் சுழற்றினார்.
அவருக்குத் தெரியும்.
அன்று எனக்கு அரைக்கிலோ இறால் கட்டித் தந்தவர்.

அப்போதுதான் யூடித் வாய் திறந்தாள்.
"ஆர் எழுதினது?"

ஹஸ்னாவிடம்
என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.
நி.
ரூ.
அவள் பேனை நின்றது.
"மிச்சத்தையும் எழுதுங்கோ" என்றேன்.